9,590 கிலோமீட்டர்தான் என்றால் 14 மணி நேரம் ஏன்?

கேள்வி: லண்டனிலிருந்து டோக்கியோவுக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு போகப்போகிறேன். அவருக்கு 71 வயது. இவ்வளவு நீண்ட விமானப் பயணம் இதுதான் முதல் தடவை. வேளை தவறாமல் மாத்திரை சாப்பிட வேண்டியவர் என்பதால், எத்தனை மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டு வைக்க நினைத்தேன். தூரத்தைத் தேடினால் ஓரிடத்தில் 9,560 கிலோமீட்டர், இன்னோரிடத்தில் 9,590, வேறோரிடத்தில் 5,960 மைல், மற்றொன்றில் 5,180 மைல் என்று இருக்கிறது. விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போகும் என்கிறார்கள். அப்படியானால் 11 மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். டிக்கெட்டில் 14 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. எதை நம்புவது? திரும்பி வரும்போது விமானம் அலாஸ்கா வழியாக வரும் என்று ஒருவர் சொன்னார். மேற்கே இருக்கும் லண்டனுக்குக் கிழக்குப் பக்கமாகவா வருவார்கள்? – ஒரு வாசகி

பதில்: நீங்கள் எழுதிய நான்கு எண்களும் சரிதான். டிக்கெட்டில் இருக்கும் 14 மணி நேரமும் சரி. அலாஸ்கா என்று சொன்னவரும் தப்பாகச் சொல்லவில்லை. விமானம் கிளம்புவதற்கு முன் அது போக வேண்டிய பாதையையும் ஏற்ற வேண்டிய எரிபொருளையும் கணக்கிட்டுக் கொடுக்கும் டிஸ்பாட்சர் வேலை என்னுடையது. உங்களைக் குழப்பிய இதே விஷயத்தோடுதான் எங்கள் பொழுது தினமும் விடிகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மைல் குழப்பத்தை முடித்துவிடலாம். மைலில் இரண்டு வகை உண்டு. சாலையில் அளக்கும் மைல் 1.609 கிலோமீட்டர். கப்பலிலும் விமானத்திலும் அளக்கும் கடல் மைல் 1.852 கிலோமீட்டர். 5,960 என்பது சாலை மைல், 5,180 என்பது கடல் மைல். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், 9,590 கிலோமீட்டரை ஒட்டித்தான் வரும். 9,560 என்று போட்டவர்கள் நகரத்தின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்திருக்கிறார்கள். 9,590 என்பது ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து ஹனேடா விமான நிலையத்துக்கு. டோக்கியோவுக்கு நரிட்டா என்று இன்னொரு விமான நிலையமும் இருக்கிறது. ஹனேடாவுக்கும் அதற்கும் இடையே நேர்கோட்டில் 60 கிலோமீட்டர் வரும். அப்புறம், பூமி சரியான உருண்டை இல்லை. நடுப்பகுதியில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. இந்தத் தட்டையைச் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு தொகை, 6,371 என்று சராசரி ஆரம் வைத்து உருண்டையாகக் கணக்கிட்டால் வேறொரு தொகை. வித்தியாசம் அரை சதவீதத்துக்குள்தான் இருக்கும். பத்து, இருபது கிலோமீட்டர் ஏறி இறங்கினால் கவலைப்படாதீர்கள்.

இனி அந்த 9,590 என்பது எதன் நீளம் என்று பார்க்க வேண்டும். இங்கேதான் பலரும் சுவரில் மாட்டிய உலகப் படத்தை நம்பி ஏமாறுகிறார்கள். படத்தில் லண்டனையும் டோக்கியோவையும் அளவுகோல் வைத்துச் சேர்த்தால், கோடு ஐரோப்பாவையும் மத்திய ஆசியாவையும் தாண்டிக் கிழக்கே, சற்றே தெற்குப் பக்கம் சாய்ந்து போகும். மெர்காட்டர் என்ற வரைபட அறிஞர் 1569இல் வகுத்த முறையில் வரைந்த படத்தில் அந்தக் கோட்டின் உண்மையான நீளம் சுமார் 11,300 கிலோமீட்டர். உண்மையான குறுக்குவழியைவிட 1,700 கிலோமீட்டர் அதிகம்!

வீட்டில் பூமி உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நுனியை லண்டனில் வைத்து அழுத்தி, மறுநுனியை டோக்கியோவுக்குக் கொண்டுபோய், தளர்வு இல்லாமல் இழுங்கள். நூல் தானாகவே வடக்கே நழுவும். நார்வே பக்கம் ஏறி, ரஷ்யாவின் வட விளிம்பில் ஆர்க்டிக் கடலைத் தொட்டுவிட்டு, சைபீரியா வழியாக ஜப்பானுக்கு இறங்கும். நூல் எட்டும் மிக வடக்கான புள்ளி கிட்டத்தட்ட 71 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. இந்த வழியில் லண்டனிலிருந்து கிளம்பும் விமானம் தன் மூக்கைக் கிழக்கே திருப்பாது. வடக்கிலிருந்து 31 டிகிரி மட்டும் கிழக்கே சாய்ந்த திசையில் பறக்கத் தொடங்கும். டோக்கியோ லண்டனைவிடத் தெற்கே இருக்கும் ஊர், ஆனாலும் அங்கே போகச் சுருக்கமான வழி வடக்கே ஏறுவதுதான். பூமியின் நடுவை மையமாக வைத்து வெட்டினால் கிடைக்கும் இந்த வட்டத்தின் பெயர் பெருவட்டம். நீங்கள் தேடி எடுத்த எண்கள் எல்லாமே இந்தப் பெருவட்டத்தின் மேல் ஓடும் தூரம்தான்.

விமானம் தரையில் ஓடவில்லையே, 11 கிலோமீட்டர் உயரத்தில் அல்லவா பறக்கிறது, அதனால் தூரம் கூடாதா என்று சிலர் கேட்பார்கள். கூடும். இந்தப் பயணம் முழுவதற்கும் சேர்த்துச் சுமார் 17 கிலோமீட்டர் கூடும், அவ்வளவுதான்.

பெருவட்டத் தூரம் பயனில்லாத எண் என்று நினைத்துவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் விமானம் ரத்தாகும்போதும் அதிகம் தாமதமாகும்போதும் இழப்பீட்டை வகைப்படுத்த இந்தத் தூரத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். பயணியின் கார்பன் கணக்கைப் போடும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பும் இதில்தான் தொடங்குகிறது. ஆனால் 5,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம் என்றால் அதன்மேல் 125 கிலோமீட்டரைச் சேர்த்துக்கொள்கிறது. எந்த விமானமும் நூல் பிடித்தாற்போல் போவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

சரி, உங்கள் விமானம் ஏன் அந்த நூல் போன வழியில் போகவில்லை? அந்த வழி ரஷ்யாவின் மேலே போகிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய நாடுகள் தங்கள் வானத்தை ரஷ்ய விமானங்களுக்கு மூடின. ரஷ்யா தன் வானத்தை அவர்களுக்கு மூடியது. ஜப்பானிய நிறுவனங்களும் அந்த வழியை விட்டுவிட்டன. அதற்கு முன் லண்டன் – டோக்கியோ 12 மணி நேரத்தை ஒட்டிய பயணம். இப்போது லண்டனிலிருந்து போகும் விமானம் தென்கிழக்கே இறங்கி, துருக்கி, காக்கசஸ், கஜகஸ்தான், சீனா என்று சுற்றிக்கொண்டு போகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடுதல். ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்குப் பறக்கும் ஃபின்ஏர் நிறுவனம் இன்னும் பெரிய அடி வாங்கியது. ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்ட அந்தப் பயணம் ஒரேயடியாக 13 மணி நேரம் ஆனது. வட துருவத்தின் மேலேயே போய் வரும் வழியையும் அவர்கள் எடுத்தார்கள். அப்படிப் போன பயணிகளுக்குத் துருவத்தைக் கடந்ததற்குச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

இது புதிதும் இல்லை. பனிப்போர்க் காலத்தில் சோவியத் யூனியன் வானமும் இப்படித்தான் மூடிக் கிடந்தது. 1957 பிப்ரவரியில் ஸ்காண்டிநேவியன் ஏர்லைன்ஸ் கோபன்ஹேகனிலிருந்து டோக்கியோவுக்குத் துருவ வழியைத் தொடங்கியபோது, நடுவில் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போனார்கள். பல ஆண்டுகளுக்கு ஐரோப்பாவிலிருந்து ஜப்பான் போகிறவர்களுக்கு ஆங்கரேஜ் தெரிந்த ஊராக இருந்தது.

இதுவரை சொன்னது வரைபடக் கணக்கு. எங்கள் வேலையில் இதைவிடப் பெரிய விஷயம் காற்று. உங்கள் 900 கிலோமீட்டர் கணக்கு சறுக்குவதும் இங்கேதான்.

மணிக்கு 900 கிலோமீட்டர் என்பது விமானம் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் வேகம். தரையைப் பொறுத்த வேகம் அல்ல. காற்றே நகர்ந்துகொண்டிருந்தால்? ஆற்றில் படகு ஓட்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும். நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே பெருவட்டத் தூரம் சுமார் 5,550 கிலோமீட்டர். மேற்கிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். நியூயார்க்கிலிருந்து கிழக்கே வரும் விமானம் தரைக்கு மேல் 1,000 கிலோமீட்டர் வேகத்தில் வரும், பறக்கும் நேரம் ஐந்தரை மணி. எதிர்த்துப் போகும் விமானத்துக்கு 800தான் மிஞ்சும், ஏழு மணிக்குச் சற்றுக் குறைவு. இரண்டு விமானங்களும் காற்றுக்குள் எவ்வளவு தூரம் போயின என்று பாருங்கள். முதலாவது சுமார் 5,000 கிலோமீட்டர், இரண்டாவது சுமார் 6,250. ஒரே கடல்தான், ஆனால் இந்தப் பக்கம் கடக்கிறவருக்கு அகலம் குறைவு, அந்தப் பக்கம் கடக்கிறவருக்கு அதிகம். நாங்கள் ‘கிரவுண்ட் மைல்’, ‘ஏர் மைல்’ என்று இரண்டாகப் பிரித்தே எழுதுவோம். எஞ்சின் எரிக்கும் எரிபொருளுக்குக் கணக்கு ஏர் மைலில்தான். நான் ஒரு பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது தேடுவது தரையில் குட்டையான கோட்டை அல்ல, காற்றில் குட்டையான கோட்டை.

அந்தக் காற்று எவ்வளவு பலமாக வீசும் என்பதை ஒரு சம்பவம் காட்டும். 2020 பிப்ரவரியில் அட்லாண்டிக்கில் புயல் வீசிக்கொண்டிருந்த ஓர் இரவு, பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து இறங்கியது. தரையைப் பொறுத்த வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஒலியின் வேகத்தை மீறிவிட்டதா என்று பலர் கேட்டார்கள். இல்லை. காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் போனது, காற்று அதைச் சுமந்துகொண்டு ஓடியது.

இந்தக் காற்றோட்டத்தின் பெயர் ஜெட் ஸ்ட்ரீம். வெப்பமண்டலத்தின் சூட்டுக்கும் துருவத்தின் குளிருக்கும் உள்ள வித்தியாசத்தில் பிறந்து, பூமி சுழல்வதால் மேற்கிலிருந்து கிழக்காகத் திரும்பி, விமானங்கள் பறக்கும் உயரத்திலேயே ஓடுகிறது. குளிர்காலத்தில் அந்த வித்தியாசம் கூடும், காற்றும் கூடும். உலகிலேயே இது மிகப் பலமாக வீசும் இடங்களில் ஒன்று நீங்கள் போகும் ஜப்பானுக்கு மேலேதான். அங்கே குளிர்காலத்தில் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவது உண்டு. டோக்கியோவுக்கு வடகிழக்கே டட்டெனோ என்ற இடத்தில் 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளந்து பதிவு செய்தவர் ஓயிஷி வாசபுரோ என்ற ஜப்பானிய வானிலை அறிஞர். உலகம் முழுவதும் படிக்க வேண்டும் என்ற ஆசையில் அவர் அந்த அறிக்கையை, எல்லா நாட்டினருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட, ஆனால் சிலருக்கே தெரிந்த எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். அதனாலேயே வெகுகாலம் யாரும் படிக்கவில்லை. அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும். இன்று ஒவ்வொரு நீண்ட விமானப் பாதையும் அவர் அளந்த அந்தக் காற்றைப் பார்த்துத்தான் வகுக்கப்படுகிறது.

இப்போது உங்கள் அலாஸ்கா கேள்விக்கு வருவோம். டோக்கியோவிலிருந்து லண்டனுக்குப் போன வழியிலேயே திரும்பினால், ஜப்பான், சீனா, மத்திய ஆசியா முழுக்க அந்தக் காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு வர வேண்டும். அதனால் சில நிறுவனங்கள் பல நாட்களில் விமானத்தைக் கிழக்கே திருப்புகின்றன. பசிபிக்கின் வடபகுதியில் ஜெட் ஸ்ட்ரீம் முதுகில் தள்ளும். அப்புறம் அலாஸ்கா, வட கனடா, கிரீன்லாந்து, ஐஸ்லாந்து வழியாக லண்டன். தரையில் அளந்தால் இந்த வழி தென்வழியைவிட நீளம். காற்றில் அளந்தால் பல நாட்களில் ஈடுகொடுத்துவிடும். அப்படி நடந்தால் நீங்கள் போகும்போதும் கிழக்கே, வரும்போதும் கிழக்கே. உங்கள் அம்மா தன் முதல் நீண்ட பயணத்திலேயே உலகை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவார்.

நீண்ட வழி சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்த்ததற்கு இன்னும் தெளிவான உதாரணம் உண்டு. டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு அட்லாண்டிக் பக்கமாகப் போய்க்கொண்டிருந்த ஏர் இந்தியா விமானம், 2016 அக்டோபரில் முதல் தடவையாகப் பசிபிக் பக்கமாகப் போனது. பழைய வழி 13,900 கிலோமீட்டர், புதிய வழி 15,300. தூரம் 1,400 கிலோமீட்டர் கூடியும் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. முன்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் குறைவு. எங்கள் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

காற்று தவிரவும் பாதையை வளைக்கும் காரணங்கள் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு எஞ்சின் விமானத்தில் ஓர் எஞ்சின் நின்றுபோனால் மற்றொன்றை வைத்துக்கொண்டு குறிப்பிட்ட நேரத்துக்குள் எட்டக்கூடிய விமான நிலையம் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. முன்பு அது 60 நிமிடம், இன்று ஏர்பஸ் ஏ350 போன்ற விமானத்துக்கு 370 நிமிடம் வரைகூட அனுமதி இருக்கிறது. துருவப் பக்கம் காற்று மிகக் குளிர்ந்தால் எரிபொருள் உறையும் அபாயத்தைக் கவனிக்க வேண்டும், வழக்கமான ஜெட் எரிபொருளின் உறைநிலை மைனஸ் 47 டிகிரி. மேலே பறந்துபோக ஒவ்வொரு நாடும் கட்டணம் வாங்குகிறது. எரிபொருளைக் கூடுதலாக ஏற்றினால் அதைச் சுமப்பதற்கே ஒவ்வொரு மணி நேரமும் அதில் மூன்று, நான்கு சதவீதம் செலவாகிறது. அதனால்தான் இன்று போன பாதையில் நாளை போவோம் என்று எங்களால் உறுதி சொல்ல முடியாது. கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பு வரும் காற்று முன்னறிவிப்பைப் பார்த்துத்தான் அன்றைய பாதை முடிவாகும்.

உங்கள் கணக்குக்கு எதை எடுத்துக்கொள்வது? கிலோமீட்டரை விட்டுவிடுங்கள், டிக்கெட்டில் இருக்கும் நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வது முதல் மறுமுனையில் வந்து நிற்பது வரைக்குமான நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்துபோகும் நேரமும், அந்தப் பருவத்துக் காற்றும், வானம் மூடியிருப்பதால் வரும் சுற்றும் அதிலேயே அடக்கம். டிக்கெட்டில் மொத்த நேரம் போடவில்லை என்றால் இப்படிக் கணக்கிடலாம். ஜப்பான் நேரம் லண்டனின் குளிர்கால நேரத்தைவிட 9 மணி முந்தி, கோடையில் 8 மணி முந்தி. குளிர்காலத்தில் காலை 10 மணிக்கு லண்டனில் கிளம்பி மறுநாள் காலை 9 மணிக்கு டோக்கியோ என்றால், கிளம்பும்போது டோக்கியோவில் இரவு 7 மணி. ஏழிலிருந்து ஒன்பது வரை எண்ணினால் 14 மணி நேரம்.

டிக்கெட் கையில் இல்லாமல் வேறு இரண்டு ஊர்களுக்கு உத்தேசமாகக் கணக்குப் போட வேண்டுமானால், பெருவட்டத் தூரத்தை 850ஆல் வகுத்து அதோடு முக்கால் மணி நேரம் சேருங்கள். காற்றைப் பொறுத்து ஒரு மணி நேரம் கூடக் குறைய இருக்கும். லண்டன் – டோக்கியோவுக்கு இது 12 மணி என்று சொல்லும், வானம் திறந்திருந்த காலத்தில் அதுதான் உண்மையாகவும் இருந்தது. வழியில் மூடிய வானம் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

அம்மாவின் மாத்திரை விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். திரும்பும் பயணத்தில் ஜன்னலைப் பார்த்து வேளையை முடிவு செய்யாதீர்கள். குளிர்காலத்தில் திங்கட்கிழமை காலை 9 மணிக்கு டோக்கியோவில் கிளம்பிக் கிழக்கே போனால், சில மணி நேரத்தில் வெளியே இருட்டிவிடும். அலாஸ்கா பக்கம் வரும்போது கீழே ஞாயிற்றுக்கிழமை இரவு 9 மணி. கிழக்கே தாண்டினால் தேதி ஒரு நாள் பின்னே போகும் பசிபிக் நடுவிலுள்ள தேதிக் கோட்டைத் தாண்டி வந்திருப்பீர்கள். கிரீன்லாந்து வரைக்கும் இரவு நீளும். அதன்பின் விடிந்து, லண்டனில் இறங்கும்போது அதே திங்கட்கிழமை மதியம் இரண்டரை. ஒரு முழு இரவு கழிந்ததுபோல் இருக்கும், ஆனால் கிளம்பிப் பதினான்கரை மணி நேரம்தான் ஆகியிருக்கும். இரவு வந்துவிட்டது, இரவு மாத்திரை, விடிந்துவிட்டது, காலை மாத்திரை என்று கொடுத்தால் ஒரு வேளை கூடிப்போகும். எத்தனை மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை என்று மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கைக்கடிகாரத்தைக் கிளம்பிய ஊரின் நேரத்திலேயே விட்டுவைத்து, பயணம் முடியும்வரை அதை மட்டும் பார்த்துக் கொடுங்கள். மாத்திரைகளும் மருத்துவச் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டியில் போட வேண்டாம். ஒரு மாதத்துக்கு மேல் தேவைப்படும் மருந்தை எடுத்துப் போவதானால் ஜப்பானில் முன்கூட்டியே அனுமதிச் சான்று வாங்க வேண்டும், சில மருந்துகளுக்கு அங்கே தடையும் உண்டு. டிக்கெட்டை உறுதி செய்த கையோடு அதையும் விசாரித்துவிடுங்கள்.

திரும்பும்போது அம்மாவுக்கு இடப்பக்க ஜன்னல் இருக்கை கிடைத்தால் வாங்கிக்கொடுங்கள். கிழக்கே பறக்கும் விமானத்துக்கு இடப்பக்கம் வடக்கு. அந்த நீண்ட இருட்டில், வானம் தெளிவாக இருந்தால், பச்சை நிறத்தில் துருவ ஒளி தெரிய வாய்ப்பு உண்டு.